ஒன்பது அரியரும் ஒரு வதந்தியும்: மாணவர் ஐக்கியம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரி மாணவர்களிடையே இயங்கும் கிறிஸ்தவ ஐக்கியம் ஒன்றில் இது நடந்தது. அந்த ஐக்கியத்தின் மூன்று ஆலோசகர்களில் நானும் ஒருவன். கல்லூரி, ஊர், சபை எதுவும் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதில் 'செயலாளர்' என்று வரும் இளைஞர் இதை முழுவதும் வாசித்து, இரண்டு இடங்களில் திருத்தி, வெளியிடச் சம்மதித்தார். அவர் திருத்திய இரண்டு இடங்களிலும் நான் அவரை உள்ளதைவிட நல்லவராகக் காட்டியிருந்தேன்.

பின்னணி

வேறு மாவட்டங்களில் மாணவர் ஊழியம் செய்தவர்கள் இங்கு வந்தால் முதலில் மகிழ்ந்துபோவார்கள். அங்கே ஒரு கல்லூரியில் ஐந்து கிறிஸ்தவ மாணவர்களைக் கண்டுபிடித்து ஓர் அறையில் உட்கார வைப்பதே பெரும்பாடு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 47 சதவீதம். தமிழ்நாட்டில் வேறெந்த மாவட்டத்திலும் இந்த விகிதம் இல்லை. தென்னிந்தியத் திருச்சபை, இலத்தீன் கத்தோலிக்கம், மலங்கரை, இரட்சணிய சேனை, லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று ஊருக்கு ஊர் சபைகள். முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர் ஐக்கியத்துக்குள் நுழையும்போதே பத்து வருட ஓய்வுநாள் பள்ளியும், பாட்டுப் போட்டிப் பரிசுகளும், மனப்பாட வசனங்களும் அவருடன் நுழைந்துவிடும். இங்கே சத்தமாக ஜெபிக்கத் தெரியாதவரைத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். அப்படித் தேடும் பழக்கம் எங்களுக்கு இல்லை என்பதில் இந்த நிகழ்வு தொடங்குகிறது.

எங்கள் ஐக்கியத்தின் வாரக் கூடுகைக்கு 40 பேர் வரை வருவார்கள். செயலாளர், இணைச்செயலாளர், பொருளாளர் உட்பட ஏழு பேர் கொண்ட மாணவர் செயற்குழு எல்லாவற்றையும் நடத்தும். பேச்சாளரை அழைப்பதும் முகாம் போடுவதும் அவர்களே. 1954-இல் தோன்றிய யு.இ.எஸ்.ஐ. (இந்திய சுவிசேஷ மாணவர் ஒன்றியம்) போன்ற இயக்கங்கள் இந்நாட்டில் பரப்பிய முறை இது: மாணவர் பணியை மாணவரே முன்னெடுக்க வேண்டும், பட்டம் பெற்றவர்கள் பின்னால் நின்று ஆலோசனை சொல்ல வேண்டும். நாங்கள் அந்த இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல. முறை மட்டும் அதுவே. நல்ல முறைதான். பின்னால் நிற்பது என்றால் எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதைத்தான் நாங்கள் முடிவு செய்துகொள்ளவில்லை.

ஆலோசகர்கள் மூவர். அஞ்சல் துறையில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். அவரை எல்லோரும் ஐயா என்போம். மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் சகோதரி ஒருவர், மாணவர்களுக்கு அக்கா. மூன்றாவது நான், மேல்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர். பள்ளியில் 160 பிள்ளைகளின் மதிப்பெண்ணை மாதந்தோறும் பதிவேட்டில் எழுதுகிறவன். ஐக்கியத்தில் ஒருவரிடம்கூட மதிப்பெண் கேட்டதில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் தொடங்கிய இந்து-கிறிஸ்தவக் கலவரத்தை நேரில் பார்த்த தலைமுறை இன்னும் ஊர்களில் இருக்கிறது. ஐயாவும் அவர்களில் ஒருவர். ஆகவே எங்களிடம் ஒரு கறாரான விதி இருந்தது: பிற சமயத்து வீட்டிலிருந்து ஒரு மாணவர் கூடுகைக்கு வந்தால், வீட்டுக்குத் தெரிந்துதான் வர வேண்டும், வீட்டுக்கு மறைத்து எந்த முகாமுக்கும் அழைத்துப்போகக் கூடாது. இதில் ஒருமுறையும் தவறியதில்லை. கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகள் விஷயத்தில் வீட்டுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று யோசிக்கவே இல்லை. 'நம்ம வீட்டுப் பிள்ளை' என்ற நினைப்பு அந்தக் கேள்வியையே எழவிடவில்லை.

முதல் இரண்டு ஆண்டுகளில் பார்த்தது

செயலாளர், மலையடிவாரத்து ஊர் ஒன்றைச் சேர்ந்தவர். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் தொழிலாளி. பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு, இயற்பியல் பட்டப் படிப்பில் சேர்ந்தார். சேர்ந்த இரண்டாம் வாரமே கூடுகைக்கு வந்தார். மூன்றாம் வாரம் ஜெபிக்கச் சொன்னோம். அந்த அறை அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. சபைத் தமிழ் அவருக்குத் தாய்ப்பால்போல. பாட்டில் சுருதி தப்பாது. முதலாம் ஆண்டு முடிவதற்குள் ஒரு வேத ஆராய்ச்சிக் குழு அவர் பொறுப்பில் இருந்தது. மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில், போட்டியே இல்லாமல், செயலாளர் ஆனார்.

முதல் பருவத் தேர்விலேயே அவருக்கு நான்கு தாள்கள் போயிருந்தன. இப்படித் தேறாமல் மறுபடி எழுத வேண்டிய தாளைத்தான் அரியர் என்பார்கள். இது எங்களுக்குத் தெரியாது. காரணம் சோம்பல் அல்ல. வகுப்பு முழுக்க ஆங்கிலத்தில் நடந்தது. பள்ளியில் 'திருப்புத்திறன்', 'விளிம்பு விளைவு' என்று தமிழில் படித்துப் புரிந்துகொண்டவற்றையே ஆங்கிலப் பெயரில் சொன்னபோது அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கேள்வி கேட்க எழுந்து, பாதியில் சொல் வராமல் உட்கார்ந்த ஒரு நாளை அவர் பிறகு என்னிடம் சொன்னார். அன்று மாலைதான் நாங்கள் அவரை முதன்முதலாக ஜெபிக்கச் சொன்ன கூடுகை. வகுப்பில் வாய் திறக்க முடியாதவர், மாலையில் வாய் திறந்ததும் 40 பேர் தலைகுனிந்து 'ஆமென்' சொன்னார்கள். பதினெட்டு வயதில் இந்த இரண்டு அறைகளில் எதில் உட்காரத் தோன்றும்?

இரண்டாம் ஆண்டு முடிவில் நடந்த முகாமில் அவர் சாட்சி சொன்னார். தேர்வுக்கு முந்தைய நாள் கிராம ஊழியத்துக்குப் போனதாகவும், படிக்காமல் போன தாளையும் தேவன் பார்த்துக்கொண்டதாகவும் சொன்னார். கைதட்டினோம். நானும் தட்டினேன். அந்தத் தாள் தேறவில்லை என்பதை அவர் பிறகு சொன்னார். சாட்சி சொன்ன நேரத்தில் முடிவு வந்திருக்கவில்லை. வந்த பிறகு திருத்திச் சொல்ல இடமில்லை. அதற்கடுத்த பருவத்தில் முதலாம் ஆண்டு மாணவர்கள் இருவர் உள்மதிப்பீட்டுத் தேர்வை விட்டுவிட்டு ஊழியத்துக்குப் போனார்கள். அதை ஆர்வம் என்றே எடுத்துக்கொண்டோம்.

பார்த்தும் கண்டுகொள்ளாதவை

திரும்பிப் பார்க்கும்போது எல்லாம் தெளிவாகத் தெரிவது இயல்பு. ஆயினும் இவற்றை அப்போதே கண்டிருக்க முடியும்.

காலை 11 மணிக்கு, என் இடைவேளையில், முகாம் ஏற்பாடு பற்றி அவரை போனில் அழைப்பேன். முதல் மணியிலேயே எடுப்பார். எவ்வளவு பொறுப்பான பையன் என்று மெச்சிக்கொள்வேன். அந்த நேரத்தில் ஒரு கல்லூரி மாணவர் போனை எடுக்கவே கூடாது என்பது, வகுப்பில் பிள்ளைகளிடமிருந்து போனைப் பிடுங்கி வைக்கும் எனக்குத் தோன்றவில்லை.

அக்டோபரில் அக்கா என்னிடம், "தம்பி மெலிந்துவிட்டான். மதியம் சாப்பிடுகிறானா என்று கேளுங்கள்" என்றார். கேட்டேன். வெள்ளிக்கிழமை உபவாசம் என்றார். மற்ற நாட்களைப் பற்றி நான் கேட்கவில்லை. உபவாசம் என்ற சொல்லைக் கேட்டதும் ஆலோசகரின் வாய் அடைத்துவிடுகிறது.

செயற்குழுவில் இணைச்செயலாளரான மாணவி ஒருமுறை, "அண்ணன், நவம்பரில் மூன்று வாரம் எதுவும் வைக்க வேண்டாம், எல்லோருக்கும் தேர்வு இருக்கிறது" என்று சொன்னார். செயலாளர் அதை விசுவாசக் குறைவு என்றார். நான் நடுநிலை வகிப்பதாக நினைத்து இரண்டு நிகழ்ச்சிகளை ஒன்றாகக் குறைக்கச் சொன்னேன். மாணவர் முன்னெடுப்பில் தலையிடக் கூடாது என்பது அன்றைக்கு எனக்கு வசதியான கொள்கையாக இருந்தது.

ஜனவரியில் முட்டம் கடற்கரை அருகே மூன்று நாள் முகாம். கடைசி இரவில், சுமார் 60 பேர் முன்னிலையில், செயலாளர் எழுந்து நின்று முழுநேர ஊழியத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தார்.

பிப்ரவரி

மூன்று வாரம் கழித்துப் பொருளாளர் என் வீட்டுக்கு வந்தார். இரண்டாம் ஆண்டு வணிகவியல் மாணவர், குறைவாகப் பேசுகிறவர். ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்தார். முகாம் செலவு போக மீதி ரூ.2,300. செயலாளர் கையில் இருக்க வேண்டியது. கேட்டபோது அவர் கொடுத்தது ரூ.550.

மறுநாள் மாலை செயலாளரைச் சந்தித்தேன். சபைக் கட்டடத்தின் பக்கவாட்டுப் படியில் உட்கார்ந்தோம். பணத்தைப் பற்றிக் கேட்டேன். மறைக்கவில்லை. தேர்வுக் கட்டணம் கட்டிவிட்டேன் என்றார். ஒரு பருவக் கட்டணம் அவ்வளவு வராதே என்றேன்.

"அரியரும் சேர்த்து, அண்ணன்."

"எத்தனை?"

"ஒன்பது."

வருகைப் பதிவும் 75 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தது. அந்தக் குறையைப் பொறுத்துத் தேர்வெழுத விடுவதற்கான காண்டொனேஷன் கட்டணமும், அவர் எடுத்த ரூ.1,750-இல் அடக்கம். பிப்ரவரி ரப்பர் மரம் இலையுதிர்க்கும் காலம். பால் குறைந்து, பல தோட்டங்களில் வெட்டு நிற்கும். வீட்டில் காசு இல்லாத மாதத்தில் கட்டணம் கேட்டால் எத்தனை தாளுக்கு என்ற கேள்வி வரும். ஆகவே கேட்கவில்லை. எடுத்ததைத் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தாராம். எதைக் கொண்டு என்று நான் கேட்டபோது பதில் இல்லை.

மதிய உணவுக்கு வீட்டில் கொடுத்த காசு ஊழியத்துக்கான கைப்பிரதிக்கும் பஸ்ஸுக்கும் போய்க்கொண்டிருந்தது என்பதும் அன்றுதான் தெரிந்தது.

முடிவுகளும் காரணங்களும்

இரண்டு நாள் கழித்து ஆலோசகர்கள் மூவரும் கூடினோம். மூவருக்கும் மூன்று நிலைப்பாடு.

ஐயா, பணம் பணம்தான் என்றார். நாற்பது வருடம் மணியார்டர் பணத்தைக் கையாண்டவர். ஐந்து ரூபாய் குறைந்தாலும் அன்றே எழுதிவைக்க வேண்டும், பதவியிலிருந்து நீக்கிக் கூடுகையில் அறிவிக்க வேண்டும் என்றார். அக்கா, அறிவிப்பு வேண்டாம், ஆனால் செயற்குழுவிடம் அவரே தன் வாயால் சொல்ல வேண்டும் என்றார். வீட்டுக்கு உடனே தெரிய வேண்டும் என்பதிலும் உறுதியாக இருந்தார். நான் இரண்டையும் தள்ளிப்போடப் பார்த்தேன். மார்ச்சில் பல கல்லூரி மாணவர்கள் சேரும் கூட்டம் ஒன்று இருந்தது. அதை நடத்த வேண்டியவர் அவர். பணத்தை நான் என் கையிலிருந்து போட்டுவிடுகிறேன், ஏப்ரல் வரை இப்படியே போகட்டும் என்றேன். அக்கா என்னைப் பார்த்து, "கூட்டம் நடக்க வேண்டும் என்பதற்காக இந்தப் பையனை இன்னும் இரண்டு மாதம் பட்டினி போடலாமா?" என்று கேட்டார். அதன் பிறகு நான் பேசவில்லை.

முடிவுகள் இவை. எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் அவர் உடனே விலகுவது. இணைச்செயலாளர் அந்தப் பணியைப் பார்ப்பது. பணம், அரியர் இரண்டையும் செயற்குழுவிடம் அவரே சொல்வது. பணத்தை ஆலோசகர்கள் யாரும் கட்டக் கூடாது. விடுமுறையில் வேலை செய்து அவரே தவணையாகத் திருப்புவது. கடன் என்று எழுதிவைத்தால் அது கடன். நாங்கள் கட்டிவிட்டால் அது என்றைக்கும் திருட்டாகவே நிற்கும் என்று ஐயா சொன்ன காரணம் மூவருக்கும் சரியாகப் பட்டது. பெற்றோருக்கு ஒரு வாரத்துக்குள் அவர் சொல்வது, நான் உடன் போவது.

கூடுகையில் என்ன சொல்வது என்பதில் ஐயாவின் கருத்தை அக்காவும் நானும் சேர்ந்து தள்ளினோம். 'சொந்தக் காரணங்களுக்காக' விலகுகிறார் என்று மட்டும் அறிவிப்பது என்று முடிவாயிற்று. அந்த வாசகத்தை எழுதியது நான். அவருடைய மானத்தைக் காப்பதாக நினைத்தேன்.

செயற்குழுக் கூட்டம் எதிர்பார்த்ததைவிட அமைதியாக நடந்தது. அவர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். பொருளாளர் எழுந்து போய் அவரைக் கட்டிக்கொண்டார். அங்கே பேசியது வெளியே போகக் கூடாது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம். யாரும் அந்த வாக்கை மீறவில்லை. பின்னால் நேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டில்

சனிக்கிழமை காலை இருவரும் பஸ்ஸில் போனோம். வெட்டு இல்லாததால் அப்பா வீட்டில் இருந்தார். முற்றத்துக் கயிற்றில் உலர்ந்த ரப்பர் ஷீட்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். மகன் சொல்லச் சொல்ல மடிப்பதை நிறுத்தவில்லை. முடிந்ததும் என்னிடம் திரும்பினார்.

"சாருக்கு எப்போது தெரியும்?"

"பத்து நாளாக, அண்ணே."

சற்று நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு, "ஞாயிற்றுக்கிழமை சபையில் எல்லோரும் உன் மகன் நன்றாக ஜெபிக்கிறான் என்பார்கள். படிக்கிறானா என்று நானும் கேட்டதில்லை" என்றார். என்னைக் குறை சொல்ல எல்லா உரிமையும் உள்ள மனிதர் தன்னையும் சேர்த்துக்கொண்டது எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

அம்மா உள்ளே இருந்து மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். மகன் பக்கத்தில் உட்கார்ந்து, "மக்களே, இத்தனை நாளும் மதியம் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டார். ஒன்பது அரியரைப் பற்றி அவர் அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஒப்புக்கொடுத்தலைப் பற்றிய கேள்வி

செயலாளரை உண்மையில் வதைத்தது அரியர் அல்ல, முட்டத்தில் 60 பேர் முன்னால் சொன்ன சொல். படிப்புக்குத் திரும்புவது, இயேசு எச்சரித்தபடி, கலப்பையில் கை வைத்துவிட்டுப் பின்னால் பார்ப்பதாகும் என்று நம்பினார். பட்டத்தை விட்டுவிட்டு வேதாகமப் பள்ளி ஒன்றில் சேர்ந்துவிடலாமா என்று கேட்டார். இதில் ஆலோசகர்கள் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று நினைத்து அவருடைய சபைப் போதகரான சேகர ஆயரிடம் அழைத்துப் போனேன்.

ஆயர் அவருடைய அழைப்பை மறுக்கவும் இல்லை, மெச்சவும் இல்லை. இறையியல் படிப்பில் கிரேக்கமும் எபிரெயமும் இருக்கின்றன, அங்கேயும் தேர்வு உண்டு, அங்கேயும் முதல் நாள் எதுவும் புரியாது என்றார். "அப்போது எந்த அறைக்குள் போய் ஒளிந்துகொள்வாய்?" என்று கேட்டார். கடுமையான கேள்வி. என்னால் கேட்டிருக்க முடியாது. தொடர்ந்து, ஒப்புக்கொடுத்ததைத் திரும்பப் பெற யாரும் சொல்லவில்லை, தேதியைத்தான் தள்ளிப்போடச் சொல்கிறோம் என்றார்.

இந்த மாவட்டத்தில் இப்படி ஒரு கேள்வி எழுவதே எனக்கு வியப்பு. 1809-இல் மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே கிறிஸ்தவக் கோயில் கட்டிய காலத்திலேயே பள்ளியும் தொடங்கிவிட்டது. அந்த வேரிலிருந்து வளர்ந்துதான் நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி 1893-இல் கல்லூரியாயிற்று. எழுத்தறியக் கூடாது என்று விலக்கிவைக்கப்பட்ட எங்கள் முன்னோர் கையில் வேதமும் சிலேட்டும் ஒன்றாகத்தான் வந்தன. ஒன்றைப் பிடிக்க இன்னொன்றைக் கீழே போட வேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. நாங்கள் கைதட்டிக் கைதட்டி அதைச் சொல்லியிருக்கிறோம்.

தொடர்ந்து நடந்தவை

மார்ச் முழுவதும் மாலை ஆறு மணிக்கு அவர் என் வீட்டுக்கு வந்தார். முதல் வாரம் கணிதம் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் பள்ளிப் புத்தகங்களைக் கொண்டுவரச் சொல்லி, தமிழ்ச் சொல்லுக்கு நேரே கல்லூரிப் புத்தகத்துச் சொல்லை எழுதவைத்தேன். நான்காம் நாள், "அண்ணன், இதில் பாதி எனக்குத் தெரிந்ததுதான்" என்றார். மூன்று வருடம் கழித்து.

ஏப்ரல் தேர்வில் நடப்புப் பருவத் தாள்களில் ஒன்று மட்டும் போயிற்று. அரியரில் நான்கு தேறின. மீதம் ஆறு. நவம்பரில் இன்னும் நான்கு. அதற்கடுத்த ஏப்ரலில் ஒன்று. முதலாம் ஆண்டுத் துணைப்பாடக் கணிதத்தின் ஒரு தாள் இன்னும் நிற்கிறது. கற்பித்தவன் என்ற முறையில் அதில் எனக்கும் பங்குண்டு. ரூ.1,750-ஐ நான்கு தவணையில் கட்டி முடித்தார். இப்போது மார்த்தாண்டத்தில் ஒரு தேன் பதப்படுத்தும் கூடத்தில் கணக்கு எழுதுகிறார். ஞாயிறு காலை தன் சபையில் ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார். ஊழியத்துக்குப் போவதைப் பற்றி நாங்கள் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

இதோடு நிறுத்தினால் இது ஒரு நல்ல கதை. ஆனால் இணைச்செயலாளர் இருக்கிறார்.

'சொந்தக் காரணங்கள்' என்ற என் வாசகம் கூடுகையில் வாசிக்கப்பட்ட வாரமே, காரணத்தை மற்றவர்கள் ஊகிக்கத் தொடங்கியிருந்தார்கள். நன்றாக ஜெபிக்கும் இளைஞர் ஒருவர் திடீரென்று விலகுகிறார். அவர் இடத்துக்கு ஒரு பெண் வருகிறார். செயற்குழு வாயைத் திறப்பதில்லை. இந்த மூன்றையும் சேர்த்தால் ஊரில் என்ன கணக்கு வரும் என்று தெரிந்துகொள்ளக் கணித ஆசிரியர் தேவையில்லை. இருவருக்கும் காதல், ஆலோசகர்கள் பிடித்துவிட்டார்கள், பையனை நீக்கிவிட்டுப் பெண்ணைக் காப்பாற்றுகிறார்கள் என்று பேச்சு பரவியது. இரண்டு வாரத்தில் அது அந்த மாணவியின் சபைக்குப் போய், அங்கிருந்து வீட்டுக்குப் போயிற்று. அவர் வருவது நின்றது. இறுதித் தேர்வுக்குப் படிக்கிறார் என்று நினைத்தோம்.

எங்களுக்கு விஷயம் தெரிந்தது மார்ச் கடைசியில், பொருளாளர் வழியாக. அக்காவும் நானும் அந்த மாணவியின் வீட்டுக்குப் போனோம். அவருடைய அப்பா உள்ளே அழைத்து உட்காரச் சொன்னார், தேநீர் கொடுத்தார். நான் விளக்கத் தொடங்கியதும், "பேச வேண்டிய நாளில் பேசாமல் இருந்துவிட்டீர்கள், சார். இப்போது நீங்கள் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. மாணவி வெளியே வரவில்லை.

செயலாளரிடம் சொன்னோம். உடனே கூடுகையில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றார். ஆனால் தேர்வு நெருங்கிவிட்டதால் கூடுகைகள் நின்றிருந்தன. ஜூலையில், கல்லூரி திறந்த பிறகு, வந்து சொன்னார்: ஒன்பது அரியர், ரூ.1,750, எடுத்தது நான், வேறு யாருக்கும் இதில் சம்பந்தம் இல்லை. அறை கனத்த மௌனத்தில் இருந்தது. ஆனால் வதந்தியைக் கேட்டவர்களில் பாதிப் பேர் பட்டம் முடித்துப் போய்விட்டார்கள். அன்று அறையில் இருந்தவர்களில் பாதிப் பேர் அதைக் கேள்விப்படாத புதியவர்கள். ஊரில் பரவியதை ஓர் அறையில் சொல்லித் திரும்ப அழைக்க முடியாது.

தொடக்கத்தில் ஐயா சொன்னபடி அறிவித்திருந்தால் செயலாளருக்குப் பெரும் அவமானமாக இருந்திருக்கும். ஆனால் அது அவருடைய அவமானமாக இருந்திருக்கும். ஐயா இதைப் பற்றி இதுவரை எங்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லிக்காட்டவில்லை.

மாற்றியவை, மாற்ற வேண்டியவை

முதலில் ஒரு தவறான மாற்றத்தைச் செய்தோம். செயற்குழு உறுப்பினர்கள் ஒவ்வொரு பருவமும் மதிப்பெண் பட்டியலை ஆலோசகரிடம் காட்ட வேண்டும் என்றோம். ஒரே பருவத்தில் இருவர் செயற்குழுவில் சேர மறுத்தார்கள். இருவருக்கும் அரியர் இருந்தது. ஐக்கியம் யாருக்குத் தேவையோ அவர்களையே அது வெளியே தள்ளியது. கைவிட்டோம். இப்போது மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் முதலாம் ஆண்டு மாணவர் ஒருவருடன், முடிந்தவரை அதே துறையில், வாரம் ஒருமுறை உட்கார்கிறார். ஜெபமும் உண்டு, தாளும் உண்டு. எங்களுக்கு அறிக்கை வருவதில்லை.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்காக ஜூலை முதல் செப்டம்பர் வரை வாரம் இரண்டு மாலை சொல் வகுப்பு நடத்துகிறோம். அதில் சமய வேறுபாடு பார்ப்பதில்லை. பாட்டும் பிரசங்கமும் இல்லை. கூடுகைக்கு அழைப்பதும் இல்லை. இதை எப்படி ஊழியம் என்று கணக்கெடுப்பது என்று ஆதரவாளர் ஒருவர் கேட்டார். கணக்கெடுக்க வேண்டாம் என்றோம்.

நவம்பர், ஏப்ரல் தேர்வுகளுக்கு முன் மூன்று வாரம் எந்த நிகழ்ச்சியும் கிடையாது. அந்த மாணவி கேட்டது இதைத்தான். முகாம் பணம் இருவர் கையெழுத்தில்தான் வெளியே போகும். முகாமில் பெரிய ஒப்புக்கொடுத்தல்களை எழுந்து நின்று சொல்லவைப்பதை நிறுத்திவிட்டோம். ஒரு தாளில் எழுதிப் பெற்றோருக்கோ ஆயருக்கோ காட்டச் சொல்கிறோம். முகாமின் சூடு குறைந்துவிட்டது என்று பழைய மாணவர்கள் சிலருக்கு வருத்தம். எனக்கும் சில நேரம் அப்படித் தோன்றுகிறது.

பொறுப்பில் இருப்பவர் விலகினால் காரணத்தை அவருடைய சம்மதத்துடன் ஒரே வரியில் வெளிப்படையாகச் சொல்வது என்று இப்போது விதி. சம்மதிக்காவிட்டால் என்ன செய்வது என்பதில் மூவரும் இன்னும் ஒத்துவரவில்லை. இடத்துக்கு வருகிறவரின் பெயர் கெடாமல் இருக்க அவருடைய வீட்டுக்கு ஆலோசகர் ஒருவர் அதே வாரம் நேரில் போய் நிலைமையைச் சொல்ல வேண்டும் என்பதில் மட்டும் ஒத்துப்போனோம்.

இதை எழுதுவதற்கு முன் அந்த மாணவியிடமும் சம்மதம் கேட்க வேண்டியிருந்தது. அவர் இப்போது வெளி மாவட்டத்தில் வேலை செய்கிறார். அக்கா கேட்டார். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "எழுதட்டும், அக்கா. ஆனால் எனக்கு அனுப்ப வேண்டாம்."